‘இருந்தாலும்’ போட்டு நான் எழுதிய கடிதங்கள்

புதிதாக வந்திருக்கிற நாலு டீச்சர்களுக்கும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. நீங்கள் மணி பார்த்தால் கோபம் வரும். சாக்பீஸ் எந்த டப்பாவில் இருக்கும், மின்விசிறிக்கு எந்த ஸ்விட்ச், வருகைப் பதிவை யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் ஆபீஸில் சொல்லுவார்கள். அதைச் சொல்ல என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். இருபத்திரண்டு வருஷம் இந்த மாடியறையில் தாராவிப் பெண்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன். அதில் நான் செய்த தப்புகளை வரிசையாகச் சொன்னால் இன்றைக்கு நீங்கள் வீட்டுக்குப் போக முடியாது. ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன்.

ஏழாவது வாரம் உங்களுக்கு ஒரு பாடம் வரும். முரண் காட்டுகிற சொற்கள். டிஸ்பைட், இன் ஸ்பைட் ஆஃப், அன்லைக், இன்ஸ்டெட் ஆஃப், கான்ட்ரரி டு. பார்க்க ஒரே வீட்டுப் பெண்கள் மாதிரி இருக்கும். பழகினால்தான் ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு குணம் என்று தெரியும். இந்த வகுப்பை ஆரம்பித்து வைத்த பெரியவர், ரயில்வே ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், நான் சேர்ந்த அன்றைக்கு என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “விதியைச் சொன்னா தூங்கிடுவா. வாக்கியத்தைச் சொல்லு. அதுவும் அவா ஆத்து வாக்கியமா இருக்கணும்.”

நான் அப்போது கெட்டிக்காரி என்று என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். புத்தகத்திலிருந்தே ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதினேன். மழை பெய்தும் ரயில் சரியான நேரத்துக்கு வந்தது, டிஸ்பைட் த ரெயின் என்று. கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல், “டீச்சர், அது எந்த ஊரு ரயிலு?” வகுப்பே சிரித்தது. ஜூலை மாதத்தில் குர்லா ஸ்டேஷனில் ரயிலுக்காகத் தண்ணீரில் நின்றுவிட்டு வந்தவர்களிடம் போய் அப்படி எழுதினால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

அதற்கப்புறம் வாக்கியங்களை அவர்களையே சொல்லச் சொன்னேன். அந்த வாரம் மாதிரி ஒரு வாரம் இந்த வகுப்பில் கிடையாது. “அன்லைக் மை மாமியார், ஐ ஸ்பீக் ஸ்லோலி” என்றாள் ஒருத்தி. அவள் பேசினால் கீழே தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். “கான்ட்ரரி டு மை ஹஸ்பெண்ட்ஸ் ஒபினியன், ஐ பாஸ்ட்” என்றாள் இன்னொருத்தி. அதற்கு எல்லோரும் கை தட்டினோம்.

நானும் பாடத்தை நன்றாகத்தான் நடத்தினேன், அதில் அடக்கம் வேண்டியதில்லை. டிஸ்பைட்டும் இன் ஸ்பைட் ஆஃப்பும் அர்த்தத்தில் ஒன்றுதான், முதலாவதற்கு ‘ஆஃப்’ ஒட்டாது, இரண்டாவது அது இல்லாமல் நிற்காது. இரண்டிலும் அந்தச் சொல்லுக்கு அடுத்து வருவது தடை, கமாவுக்கு அப்புறம் வருவது ஆச்சரியம். அந்தத் தடை இருக்கும்போது இது நடந்திருக்கக் கூடாது, ஆனாலும் நடந்துவிட்டது. நம் தமிழ் ‘இருந்தாலும்’. அன்லைக்கில் தடையும் கிடையாது ஆச்சரியமும் கிடையாது. இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இவள் அவளைப் போல இல்லை என்று பிரித்து வைக்கும், அவ்வளவுதான். இன்ஸ்டெட் ஆஃப் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைக்கும். இப்படிச் சொன்னால் யாருக்கும் மறக்காது. மறக்கவில்லை என்பதுதான் நான் சொல்லப்போகிற விஷயமே.

நம் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். இரண்டு வருஷம் ஒழுங்காக வந்து படித்தவர் எங்கேயாவது வேலைக்கு மனுப் போட்டால், டீச்சர் ஒரு கேரக்டர் லெட்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். லெட்டர்ஹெட்டில், கையெழுத்துப் போட்டு. இவர்களில் முக்கால்வாசிப் பேரிடம் பத்தாவது சர்டிபிகேட்கூடக் கிடையாது. அந்த ஒரு தாள்தான் எல்லாம். ஸ்கூல் ஆயா வேலையோ, கூரியர் ஆபீஸோ, டாக்டர் வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்வதோ, எதுவானாலும் அதைத்தான் நீட்டுவார்கள்.

என் கடிதத்துக்கு ஏரியாவில் நல்ல பேர். என் வீடு மாட்டுங்காவில், அதனால் மாட்டுங்கா டீச்சர் எழுதிக் கொடுத்தால் வேலை நிச்சயம் என்பார்கள். எனக்குத் தலைகால் புரியாது. என்னிடம் ஒரு சூத்திரம் இருந்தது. நகைக்கடையில் வளையலைச் சிவப்புத் துணிமேல் வைத்துக் காட்டுவார்களே, அந்த மாதிரி. தாராவியின் நெரிசலையும் குடும்ப நிலைமையையும் பின்னால் விரித்துவிட்டு, அதன்மேல் இந்தப் பெண்ணை வைப்பேன். டிஸ்பைட் என்று ஆரம்பிப்பேன். கொஞ்சம் தள்ளி அன்லைக் ஒன்று வரும். படிக்கிறவர்களுக்கு மனசு இளகும். ஐம்பது அறுபது கடிதம் அப்படி எழுதியிருப்பேன். எல்லாம் பிரியத்தில் எழுதியவை.

இப்போது பேச்சியம்மாளுக்கு வருகிறேன். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்தது தாராவி. அப்போது அவளுக்கு நாற்பது வயது, என்னைவிட எட்டோ ஒன்பதோ சின்னவள். செம்பூரில் ஒரு குழந்தைகள் கிளினிக்கில் ஒன்பது வருஷமாகத் தரை துடைக்கிற வேலை. மதியம் இரண்டு மணிக்கு வேலை முடிந்து, அப்படியே பஸ் பிடித்து மூன்று மணி வகுப்புக்கு வந்துவிடுவாள். நாலு வருஷத்தில் ஒருநாள் தாமதமாக வந்ததில்லை. பேச மாட்டாள், கேள்வி கேட்க மாட்டாள், எழுதிக்கொள்வாள். நோட்டில் அவள் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும்.

அந்தக் கிளினிக்கில் ரிசப்ஷனில் இருந்த பெண் கல்யாணமாகித் தாணேக்குப் போகிறாள் என்று செய்தி வந்தது. அந்த இடத்துக்கு மனுப் போட வேண்டும் என்று பேச்சியம்மாள் என்னிடம் வந்து நின்றாள். அவளுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோயிருந்தது. மண்டி போட்டுத் துடைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷமாகிவிட்டது. அந்த நாற்காலி கிடைத்தால் அதே கிளினிக்கில் இருக்கலாம், கிடைக்காவிட்டால் வேலையே போய்விடும். போட்டிக்குத் திலக் நகரிலிருந்து பி.காம். படித்த பெண் ஒருத்தி. சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்குள் மனுவும் கடிதமும் கிளினிக்கை நடத்துகிற டாக்டரம்மா கையில் இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் கடிதத்தைக் கொடுத்தேன். என் எழுத்திலேயே மிக நல்லது அது என்று எனக்கு எண்ணம். முதல் வரி, தாராவியில் வாழ்ந்தாலும் இவர் நேர்மையானவர் என்று டிஸ்பைட் போட்டு. இரண்டாவது வரி, தன் பகுதிப் பெண்களைப் போல அல்லாமல் இவர் நேரம் தவறாதவர் என்று அன்லைக் போட்டு. மூன்றாவதில், எதிர்பார்க்கக்கூடியதற்கு மாறாக இவர் மிகச் சுத்தமானவர். நீங்கள் முகம் சுளிக்கிறீர்கள். இப்போது கேட்க எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. அன்றைக்கு எழுதி முடித்துவிட்டு நானே இரண்டு தரம் படித்து ரசித்தேன்.

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு என் வீட்டு மணி அடித்தது. என் கணவர் போய்த் திறந்தார். “யாரோ உன் ஸ்டூடண்ட் வந்திருக்கா” என்றார். பேச்சியம்மாள் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அதற்கு முன்னால் அவள் மாட்டுங்காவில் என் வீட்டுக்கு வந்ததே இல்லை.

“உள்ள வாங்கோ பேச்சியம்மா. என்ன ஆச்சு, இன்னிக்கு டூட்டி இல்லையா?”

“அரை நாள் லீவு சொல்லிட்டு வந்தேன் டீச்சர்.” உள்ளே வந்து கடிதத்தைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள். “தப்பா நெனைக்கப்படாது. இத என்னால குடுக்க முடியாது.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? கண்ணாடியைத் தேடினேன். “எங்க தப்பு? டிஸ்பைட்டுக்கு அப்புறம் ஆஃப் போட்டுத் தொலைச்சுட்டேனா?” நம் தொழிலில் இருக்கிறவர்களுக்கு மட்டுமே வருகிற வியாதி இது. ஒருத்தி வீடு தேடி வந்து ‘முடியாது’ என்கிறாள், நமக்கு இலக்கணப் பிழைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

“இங்கிலீசுல ஒரு தப்பும் இல்ல டீச்சர்” என்றாள். விரலை முதல் வரிக்குக் கீழே வைத்தாள். பினாயிலும் ஆசிட்டும் பட்டு வெடித்த விரல். “டிஸ்பைட்டுக்கு அடுத்தாப்புல வாறது தடைன்னு நீங்கதான சொல்லிக் குடுத்திய. அந்த எடத்துல தாராவின்னு போட்டிருக்கிய. கமாவுக்கு அந்தால நேர்மைன்னு போட்டிருக்கிய. நான் தாராவியில இருக்கது என் நேர்மைக்கு எப்படி டீச்சர் தடையாவும்?”

எனக்கு முதலில் வந்தது கோபம். வெட்கம் அப்புறம்தான் வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. “நான் உங்க நல்லதுக்குன்னா எழுதினேன்! அந்த டாக்டருக்கு எப்படி எழுதினா மனசுல படுமோ அப்படி எழுதியிருக்கேன். இத்தனை வருஷமா எழுதறேன், எனக்குத் தெரியாதா? வேலை வேணுமா வேண்டாமா உங்களுக்கு?”

“வேணும் டீச்சர். முட்டி ரெண்டும் போச்சு. இது கெடைக்கலன்னா தீவாளி வரைக்கும்கூட என்னால தாக்குப் பிடிக்க முடியாது. இத குடுத்தா கெடைச்சிரும்னும் தெரியும்.”

“பின்ன என்னதான் பிரச்சனை?”

“வேல கெடச்ச பொறவு இது ஃபைல்லதான கெடக்கும். நாளைக்கு அந்த டெஸ்க்குல ஒரு சாமான் காணாமப் போச்சுன்னு வைங்க. ஃபைல எடுத்துப் பாப்பாங்க. மொத வரியிலயே தாராவி தடைன்னு எங்க டீச்சரே எழுதிக் குடுத்திருப்பாங்க.”

அவள் விரல் இரண்டாவது வரிக்கு நகர்ந்தது.

“இது அதவிட மோசம் டீச்சர். எங்க ஏரியா பொம்பளைங்களப் போல இல்லாம நான் டயத்துக்கு வாறேன்னு எழுதியிருக்கிய. காலையில அஞ்சு மணிக்குக் கொழாயில தண்ணி வரும். நான் அஞ்சே முக்காலுக்குப் பஸ்ஸ பிடிக்கணும். பக்கத்து வீட்டு சரசுதான் எனக்கும் சேத்துப் பிடிச்சு வைக்கா. எம் மகள எதிர்வீட்டு பாபி, இந்திக்கார அண்ணி, தலை சீவி ஸ்கூலுக்கு அனுப்புதாங்க. ஒம்பது வருசமா. அவங்க இல்லன்னா நான் எங்க டயத்துக்குப் போவ? அவங்கள கீழ தள்ளிட்டு நான் மட்டும் மேல ஏறுன மாதிரில்லா இருக்கு.”

குரலை உயர்த்தவே இல்லை அவள். வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற மாதிரிதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. பன்னிரண்டு வரியில் நான் எழுதிய கடிதத்தில் ஒரு பொய்யும் இல்லை என்று நினைத்திருந்தேன், இரண்டாவது வரியே முழுப் பொய். அவள் நேரம் தவறாததற்குக் காரணமே அந்தப் பெண்கள்தான், நான் அன்லைக் போட்டு அவர்களிடமிருந்தே அவளைப் பிரித்துவைத்திருந்தேன்.

“உக்காருங்கோ. வேற எழுதித் தரேன்” என்றேன். மணி பத்தாகியிருந்தது.

சொல்லிவிட்டேனே தவிர, எழுத வரவில்லை. புதுத் தாளை எடுத்து ‘ஆல்தோ’ என்று ஆரம்பித்தேன், கிழித்தேன். அடுத்ததில் ‘ஈவன்’ வந்தது, அதையும் கிழித்தேன். மூன்றாவது தாளில் ‘இன் ஸ்பைட் ஆஃப்’ என்று கையே எழுதிவிட்டது. யாரையாவது, எதையாவது மட்டம் தட்டாமல் ஒருத்தியைப் புகழ எனக்குத் தெரியவே இல்லை. இருபது வருஷப் பழக்கம் விரலில் உட்கார்ந்திருந்தது. எதிரே அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கொடுத்த காபி ஆறிப் போயிற்று.

என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார், “நீயே எழுதிண்டிருக்கியே, அவாகிட்ட ஏதாவது கேட்டியோ?”

முப்பது வருஷத்தில் அவர் சொன்ன உருப்படியான வார்த்தை அதுதான் என்று அவரிடமே அப்புறம் சொன்னேன். நான் கேட்கவில்லை. நாலு வருஷமாக எனக்கு அவளைப் பற்றித் தெரிந்தது தாராவி, தரை துடைக்கிறாள், நல்ல கையெழுத்து, அவ்வளவுதான். அதனால்தான் கடிதத்திலும் தாராவியைப் போட்டு ரொப்பியிருந்தேன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “காலையில போனா என்னெல்லாம் பண்ணுவேள், ஒண்ணொண்ணா சொல்லுங்கோ” என்றேன்.

“என்னத்த டீச்சர், ஏழு மணிக்கு ஷட்டரத் தொறப்பேன்...”

“நீங்களா திறப்பேள்? சாவி?”

“எங்கிட்டதான் இருக்கு. ஷட்டர் சாவி, மருந்து அலமாரி சாவி, எல்லாம் ஒரே வளையம். ஒம்பது வருசமா.” இதை ஏன் நான் இவ்வளவு ஆச்சரியமாகக் கேட்கிறேன் என்பது போலப் பார்த்தாள். “பொறவு தடுப்பூசி ஃப்ரிட்ஜப் பாப்பேன். ஒருநா கரண்டு போயி அது அணைஞ்சு கெடந்துச்சு, உடனே டாக்டரம்மாவுக்கு ஃபோன் போட்டேன். அன்னையிலேருந்து தெனமும் அதுல என்ன நம்பர் காட்டுதுன்னு ஒரு நோட்டுல எழுதி வைக்கேன். யாரும் சொல்லல, நானாத்தான்.”

“வேற?”

“அந்தப் பொண்ணு சாப்பிடப் போவும்லா, அப்ப பேஷண்ட் பேரெல்லாம் ரெஜிஸ்டர்ல நான்தான் எழுதுவேன். இங்கிலீசுல. போன வருசத்துலேருந்து. ஊசின்னா பிள்ளைங்க கத்தும். மராட்டிப் பிள்ளைன்னா மராட்டியில பேசுவேன், இந்தின்னா இந்தி, நம்ம பிள்ளைன்னா தமிழ்ல ரெண்டு ஏச்சு. அமைதியாயிரும்.”

நான் கேட்கக் கேட்க அவள் சொல்லிக்கொண்டே போனாள். அந்த நாற்காலி வேலையில் பாதியை அவள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தாள், நின்றுகொண்டே. எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டு எழுதினேன். ஆறே வரி. இவரை எனக்கு நாலு வருஷமாகத் தெரியும். வகுப்புக்கு ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. இன்னின்ன வேலை செய்கிறார். மூன்று மொழி பேசுவார், நாலாவதாக இங்கிலீஷ் படிக்கிறார், தெளிவாக எழுதுகிறார். தடுப்பூசி நோட்டைத் தாமாக ஆரம்பித்தவர். முடிந்தது. ஒரு டிஸ்பைட் கிடையாது. படித்துப் பார்த்தால் மளிகைச் சாமான் பட்டியல் மாதிரி சப்பென்று இருந்தது. எனக்கே பயம்.

அவள் விரல் வைத்து ஆறு வரியையும் படித்தாள். “இத குடுக்கலாம் டீச்சர்” என்றாள்.

மணி பதினொன்றரை. நானும் கூட வருகிறேன் என்று புடவை மாற்றப் போனேன். தடுத்துவிட்டாள். “வேண்டாம் டீச்சர். நீங்க வந்தா நீங்க கூட்டிட்டு வந்த ஆளாயிருவேன். நான் வேல பாக்குற எடம்லா அது.” கிங்ஸ் சர்க்கிளில் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

பன்னிரண்டே முக்காலுக்கு என் ஃபோன் அடித்தது. டாக்டரம்மா. அருமையான இங்கிலீஷ், நிதானமான குரல். கடிதம் கையில் இருப்பதாகச் சொன்னார். பேச்சியம்மாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளாம், இன்னொரு பெண்ணும் வந்து காத்திருக்கிறாளாம். இன்றைக்கே முடிவு சொல்லிவிட வேண்டுமாம்.

“உங்கள் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, நான் கேட்க வேண்டியது மட்டும் இல்லை” என்றார். “வெளிப்படையாகக் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த டெஸ்க்கில் எல்லாக் குடும்பங்களின் விவரமும் இருக்கும். இவர் தாராவியிலிருந்து வருகிறார். நீங்கள் மாட்டுங்காவில் இருக்கிறீர்கள், தாராவிப் பெண்களுக்குப் பல வருஷமாகப் பாடம் நடத்துகிறீர்கள், உங்களுக்குத் தெரியும். இவர் அங்கே இருக்கிற மற்றவர்களைப் போல இல்லை, அப்படித்தானே? அதை மட்டும் சொல்லிவிடுங்கள்.”

இந்த இடத்தில் உங்களை நிறுத்துகிறேன். நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? ‘எஸ்’ என்று ஒரு வார்த்தை. கடிதத்தில்கூட வராது, ஃபோனில் காற்றோடு போய்விடும், பேச்சியம்மாளுக்குத் தெரியவே தெரியாது. நாற்காலி கிடைக்கும், முட்டி பிழைக்கும். கொள்கை பேசுகிற உரிமை அவளுக்கு உண்டு, அவள் முட்டி அவளுடையது. அவள் முட்டியை வைத்துக் கொள்கை பேச நான் யார்? சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ‘எஸ்’ என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

ஆனால் காலையில் அவள் என் மேஜை முன்னால் நின்று சொன்னது அதைத்தானே. இதைக் கொடுத்தால் கிடைக்கும் என்று தெரிந்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னால் நான் அதையே விற்கலாமா?

“டாக்டர், அவர் மற்றவர்களைப் போலத்தான்” என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் நானே தொடர்ந்தேன்.

“அந்த மற்றவர்களில் ஒருத்தி தினமும் அவருக்குத் தண்ணீர் பிடித்து வைக்கிறாள். இன்னொருத்தி அவர் பெண்ணைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறாள். அதனால்தான் ஏழு மணிக்கு உங்கள் ஷட்டர் திறக்கிறது. திறக்கிறது யார் டாக்டர்?”

“அவர்தான்.”

“மருந்து அலமாரிச் சாவி?”

“அதுவும் அவரிடம்தான்” என்றார், கொஞ்சம் மெதுவாக.

“ஒன்பது வருஷமாகச் சாவியைக் கொடுத்து வைத்திருக்கிறீர்கள். இன்றைக்கு நாற்காலி கொடுக்க என்னைக் கேட்கிறீர்களே!” கடைசி வார்த்தையில் என் குரல் ஏறிவிட்டது. எனக்கு அது ஒரு கெட்ட பழக்கம்.

“தேங்க் யூ” என்று சொல்லி வைத்துவிட்டார்.

போச்சு என்று நினைத்தேன். ஒரு வார்த்தையில் முடிந்திருக்க வேண்டியதை, டாக்டரிடம் கத்தி, பாவம் அந்தப் பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். என் கணவர் வாயே திறக்கவில்லை. அவருக்கு எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று நன்றாகத் தெரியும்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். உங்களிடமும் கடிதம் கேட்டு வருவார்கள். எழுதுவதற்கு முன்னால் பேனாவை மூடி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கேளுங்கள். என்ன செய்கிறாய், எப்படிச் செய்கிறாய் என்று. கேட்காதபோதுதான் இந்த டிஸ்பைட்டும் அன்லைக்கும் ஓடி வந்து இடத்தை நிரப்பும். மழையைப் பற்றி, ரயிலைப் பற்றி, மாமியாரைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள். ஒருத்தியின் விலாசத்துக்கு முன்னால் போடும்போது மட்டும் கொஞ்சம் நில்லுங்கள்.

நாலு மணிக்குப் பேச்சியம்மாள் கூப்பிட்டாள். பஸ் ஸ்டாப்பிலிருந்து பேசினாள், ஒரே ஹாரன் சத்தம்.

“கெடச்சிருச்சு டீச்சர்! திங்கக்கெழமையிலேருந்து நாற்காலி!”

நான் அழுதேன், சிரித்தேன், என் கணவரைக் கூப்பிட்டுச் சொன்னேன், திரும்ப அழுதேன். “டாக்டர் என்ன சொன்னா? என் மேல கோபமா இருந்தாளா?”

“ஒங்க டீச்சருக்கு ரொம்பக் கோவம் வருமோன்னு கேட்டாங்க. ஆமா, வரும்னு சொல்லிட்டேன்” என்று சிரித்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை.

அந்தச் சந்தோஷத்தில், மத்தியானத்திலிருந்து மனசை அரித்துக்கொண்டிருந்ததையும் கேட்டுவிட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். “பேச்சியம்மா, உங்களுக்கு முன்னாடி எத்தனையோ பேருக்கு இதே மாதிரிதான் எழுதிக் குடுத்திருக்கேன். எல்லாரும் கையைப் பிடிச்சிண்டு தேங்க்ஸ் சொல்லிட்டுப் போனா. ஒருத்தர்கூட ஒண்ணும் சொல்லலையே. அவாளுக்கெல்லாம் அது புரிஞ்சிருக்காது, இல்லையா?”

ஆமாம், புரியவில்லை என்று சொல்லிவிட மாட்டாளா என்று இருந்தது எனக்கு.

“எல்லாரும் படிச்சாங்க டீச்சர்” என்றாள். “படிச்சிட்டு, எங்க வீட்டு வாசல்ல வந்து உக்காந்து அழுதுட்டு, மறுநா கொண்டுபோயிக் குடுத்தவுகளும் உண்டு. நீங்க ஆசையா எழுதுனது, சொன்னா மனசு நொந்துருவியன்னு ஒருத்தரும் சொல்லல. புரியாம என்ன டீச்சர்? அந்தப் பாடத்த நீங்க அம்புட்டு நல்லா நடத்துனியளே.”